குண்டுக்கும் குழலுக்கும் நடுவே

செஞ்சிக்கு வருகிறவர்கள் மூச்சு வாங்க ராஜகிரி உச்சி வரை ஏறி, அங்கே கிடக்கும் பீரங்கியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எவ்வளவு தூரம் சுடும், யார் சுட்டது என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடும். முதல் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒரு மைல் கணக்கை அடித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு ‘தேசிங்கு ராஜா’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். பீரங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குழலின் உள்விட்டம் என்ன, அதற்குள் போன குண்டின் விட்டம் என்ன, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் துப்பாக்கியின் ஐந்நூறு ஆண்டுக் கதை கையில் வந்துவிடும். அந்த விடைகளை ஒரு மர ஸ்கேலும் காகிதமும் கொண்டு எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஏறுவதற்கு முன்

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை கோட்டைக்குள் புகுந்தே போகிறது. ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. மூன்றாவது குன்றான சந்திரகிரி தெற்கே இருக்கிறது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் ‘மராத்தியர் படைநிலத் தளங்கள்’ என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் தாமதமாக வருகிறவர்களை மேலே விடமாட்டார்கள். தின்பண்டப் பை வெளியே தெரியாமல் இருக்கட்டும். குரங்குகளுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லை.

கையில் வேண்டியவை: மர ஸ்கேல் அல்லது தையல்காரர் டேப், பென்சில், குறிப்பேடு, சிறு டார்ச். இரும்பு வெர்னியரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பழைய இரும்பின் மேல் இரும்பு உரசினால் நூற்றாண்டுத் துருப்படலம் பெயரும். பெயர்ந்த இடத்தில் புதுத் துரு தின்னத் தொடங்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சேதம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட உண்டு என்கிறது 2010இல் திருத்தப்பட்ட சட்டம். காவலரிடம் அளவெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அளப்பது நல்லது. ஸ்டாண்டு வைத்துப் படம் எடுக்க முன்னனுமதி வேண்டும்.

ஏன் இடைவெளி?

வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற எந்தத் துப்பாக்கியிலும் குண்டு குழலைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். வார்த்த குண்டு முழு உருண்டையாக வராது. வார்த்த குழலும் நேராக இராது. நாலு தடவை சுட்டதும் உள்ளே கரி படியும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தக் கரி தண்ணீரை இழுத்துக் களிம்பாகும். கச்சிதமாகச் செய்த குண்டு ஐந்தாவது தடவை பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். மருந்தைத் தொடாமல் பாதியில் நிற்கும் குண்டைப்போல ஆபத்தானது வேறில்லை. சுட்டால் குழலே வெடிக்கலாம்.

ஆகவே இடம் விட்டார்கள். விட்டதற்கு விலையும் கொடுத்தார்கள். மருந்து எரிந்து எழும் ஆவி குண்டைத் தள்ளாமல் அதன் ஓரமாகப் பாய்ந்து வெளியே போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பீரங்கிகளில் குண்டின் விட்டம் 20 பங்கு என்றால் குழல் 21 பங்கு. இது கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அந்த அளவு இடைவெளியிலேயே மருந்தின் சக்தியில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாவதாக அந்த நூற்றாண்டின் இறுதியில் சார்லஸ் ஹட்டன் தன் சோதனைகளில் கண்டார். இன்னொரு கேடும் உண்டு. தளர்ந்த குண்டு குழலுக்குள் சுவரில் மோதி மோதி வெளியே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பச் சுழன்றுகொண்டு போகிறது. அந்தச் சுழற்சி அதைக் காற்றில் ஒரு பக்கமாக இழுக்கிறது. குறி தவறுவதற்குச் சுட்டவனின் கை மட்டும் காரணமல்ல.

இதைக் கண்டு சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் லண்டனில் வெளியான அவருடைய பீரங்கிக் கலை நூல் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது; அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவுரை எழுதியவர் கணிதமேதை ஆய்லர். தொங்கும் கனத்த கட்டையில் குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் ராபின்ஸ். குழலுக்குள் திருகுவரி வெட்டிய துப்பாக்கியை எந்த நாடு முதலில் முழுமையாகக் கைக்கொள்கிறதோ அது மற்றப் படைகளை மிஞ்சிவிடும் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

இந்த மனிதரின் கதை நம் பக்கத்தில்தான் முடிகிறது என்பது செஞ்சியில் நிற்கிற பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் வந்து இறங்கினார். சென்னைக்கும் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். 1751 ஜூலையில் அந்தக் கடலூர்க் கோட்டையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் வந்திறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத 1750 செப்டம்பரில்தான் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். உலகத்தில் குண்டையும் குழலையும் மிக நன்றாக அறிந்த மனிதர் கடலோரத்தில் இருக்க, நூறு கிலோமீட்டருக்குள் இருந்த மாபெரும் கோட்டை அந்த அறிவு எதுவும் தேவைப்படாமலே விழுந்தது. புஸ்ஸியின் ஆட்கள் வாயிற்கதவில் வெடிமருந்துக் கலத்தைப் பொருத்தித் தகர்த்தார்கள். பிறகு இருட்டிலேயே மலையேறினார்கள். மலைமேலிருந்து எவ்வளவு சுட்டும் அவர்களை நிறுத்த முடியவில்லை. இதற்கு முன் மொகலாயத் தளபதி ஸுல்பிகர் கானை 1690 முதல் 1698 வரை வெளியே காக்க வைத்த மலைதான் இது.

அளப்பது எப்படி

குழலின் வாயில் அளந்தால் மட்டும் போதாது. வாய்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அடிபட்டிருக்கும். ஸ்கேலை மேலும் கீழுமாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை, சாய்வாக இரண்டு முறை வைத்துப் படியுங்கள். கை எட்டுகிற அளவுக்கு உள்ளே, டார்ச் வெளிச்சத்தில், துருப்பொருக்கு இல்லாத இடத்தில் இன்னொரு அளவு எடுங்கள். வாயில் எடுத்த நான்கும் ஒன்றுக்கொன்று ஐந்து மில்லிமீட்டருக்குமேல் வேறுபட்டால் அந்த வாய் நசுங்கியிருக்கிறது. உள் அளவையே நம்புங்கள். பல ஊர்ப் பீரங்கிகளின் வாயைச் சிமென்டால் அடைத்திருக்கிறார்கள். அடைக்காத இடங்களில் தண்ணீர் பாட்டிலும் சாக்லேட் தாளும் இருக்கும். எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவது உங்கள் புண்ணியம். குழலுக்குள் குச்சி விட்டுக் கிளற வேண்டாம். தேளுக்கும் பாம்புக்கும் அது வசதியான வீடு.

இனிக் கணக்கு. உள்விட்டத்தை 21ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் குண்டின் விட்டம் உத்தேசமாக வரும். அதைச் சென்டிமீட்டரில் வைத்து, அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள் (10 என்றால் 10 × 10 × 10 = 1000). வார்ப்பிரும்புக் குண்டானால் அதை 3.8ஆல் பெருக்குங்கள், கருங்கல் குண்டானால் 1.4, ஈயமானால் 5.9. எடை கிராமில் கிடைத்துவிடும். 10.5 செ.மீ. குழல், 10 செ.மீ. குண்டு, இரும்பில் 3.8 கிலோ. அதே அளவு கல்லில் 1.4 கிலோதான். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கோட்டைகளைப் பற்றிச் சொல்லப்படும் புளுகுகளில் பாதி உதிர்ந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள ராஜகோபால பீரங்கி நினைவிருக்கும். நாயக்கர் காலத்தது. வார்த்ததல்ல, நீளவாட்டில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி அடித்தது. நீளம் ஏழரை மீட்டர், உள்விட்டம் சுமார் 63 செ.மீ. நம் கணக்குப்படி குண்டு 60 செ.மீ. இரும்பு என்றால் 800 கிலோவைத் தாண்டும். அந்த எடையை உருட்டி வாய்வரை ஏற்றவும், அதைத் தள்ளப் போதுமான மருந்தின் அழுத்தத்தை அந்தப் பட்டைக் குழல் தாங்கவும் வேண்டும்! கல் என்றால் சுமார் 300 கிலோ. ஆக, இவ்வளவு பெரிய வாய் கொண்ட பீரங்கியைக் கல் குண்டை மனத்தில் வைத்தே செய்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. வளையம் அடித்த குழலின் உட்புறம் வார்த்த குழலைப்போல வழவழப்பாக இராது. இடைவெளியும் இருபதில் ஒன்றைவிடக் கூடுதலாகவே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைத் துணி, நார், வைக்கோல் என்று எதையாவது திணித்து அடைத்தார்கள். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகளில் தேங்காய் நாரை உருட்டிக் கெட்டிப்பதும் இதே வேலைக்குத்தான்.

இன்னொரு பொறி இருக்கிறது, வழிகாட்டிகள் அடிக்கடி விழுவது. செஞ்சி 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில், பிறகு ஆங்கிலேயர் கையில், 1780இல் ஹைதர் அலியின் கையில் இருந்தது. எவர் பீரங்கி எது என்று உள்விட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலேயரின் 9 பவுண்டுப் பீரங்கியின் குழல் 4.2 அங்குலம், அதாவது 10.7 செ.மீ. பிரெஞ்சுக்காரரின் 8 பவுண்டுப் பீரங்கியின் குழல் 10.6 செ.மீ. பிரெஞ்சு பவுண்டு 489 கிராம், ஆங்கில பவுண்டு 454 கிராம் என்பதால் பெயர்தான் வேறாகிறது, வாய் கிட்டத்தட்ட ஒன்றே. மூன்று நூற்றாண்டுத் துருவில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் யாருக்குத் தெரியும்? மேற்புறத்தில் முத்திரை, எண், அரச சின்னம் ஏதாவது இருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ‘ஐரோப்பிய வார்ப்பாக இருக்கலாம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மதிலில் நிற்கும்போது

கீழ்க்கோட்டை மதில்களின் முகட்டில் குறுகிய துளைகள் வரிசையாக வரும். சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றியதும் பழைய மதில்களை இடித்துக் கட்டினார், அகழி வெட்டினார் என்று அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஆந்த்ரே ஃப்ரெய்ரா எழுதிவைத்திருக்கிறார். துளைக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள். நேராகத் தூரத்தைப் பார்க்கிற துளை எது, மதிலடியைப் பார்க்கச் சரிந்து இறங்குகிற துளை எது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதிலடித் துளைகளுக்குத் துப்பாக்கியின் குறி தவறுவது பெரிய கவலை இல்லை. இருபது முப்பது அடியில் நிற்கிற ஆளுக்கு எந்தத் துப்பாக்கியும் போதும். தூரத்துத் துளைக்குத்தான் இடைவெளியின் விலை தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் எதிரெதிரே நின்ற இரண்டு துப்பாக்கிகளையும் ஒப்பிட்டால் இது விளங்கும். ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் 19 மி.மீ.க்குச் சற்று மேல்; குண்டு 17.5 மி.மீ. பிரெஞ்சுச் சிப்பாயின் குழல் 17.5 மி.மீ.; குண்டு 16.5 மி.மீ. விளைவைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரனின் தோட்டாவைப் பறித்தால் ஆங்கிலேயன் சுட்டுவிடலாம், கொஞ்சம் கூடுதலாகத் தளர்ந்து போகும், அவ்வளவுதான். ஆங்கிலேயனின் குண்டு பிரெஞ்சுக் குழலுக்குள் இறங்காது. ஆங்கிலேயக் குழலில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் இடைவெளி. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது மருந்துக்குக் கேடு. அதனால்தான் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுட வைத்தார்கள். அன்றைய ‘தோட்டா’ ஒரு காகிதப் பொட்டலம்: அளந்த மருந்தும் ஒரு ஈயக் குண்டும். முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு சேர்த்துக் கெட்டிப்பார்கள். அந்தக் காகிதமே இடைவெளிக்கு அடைப்பு.

வெடிமருந்துக் கிடங்கில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. மேல்துளைகள் எவ்வளவு சிறியவை, மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று மட்டும் கவனியுங்கள். வெடியுப்பு ஈரம் குடிக்கும். ஈர மருந்து அரைகுறையாக எரிந்து கரியைக் கூடுதலாக விட்டுப்போகும். கரி கூடினால் இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மலையுச்சியில் கிடங்கு கட்டியவனின் மழைக்காலக் கவலை குழலின் அளவுவரை வந்து சேர்கிறது.

பித்தளைக் கழுத்து

செஞ்சி மதிலில் இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. 1780களுக்குப் பிறகு இங்கே பெரிய சண்டை நடக்கவில்லை. ஆனால் கதை இங்கே நின்றால் பாதிதான் சொன்னதாகும். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். மீதிக் கதையை அங்கே நின்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திருகுவரி வெட்டிய குழலில் குண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இடைவெளி இருந்தால் பிடிக்காது. இல்லாவிட்டால் வாய்வழியே இறங்காது. அடிப்பகுதி குழிந்த ஈயக் குண்டு இதற்கு வழி சொன்னது: இறங்கும்போது சிறியது, மருந்து வெடித்ததும் அடி விரிந்து வரிகளை நிரப்பும். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம், முதலில் தந்த குண்டு 0.568. நம் நாட்டு வெயிலில் அது சிக்கிச் சிக்கி இறங்கியதால் பின்னர் 0.550 ஆக்கினார்கள். அதே தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு 1857இல் என்ன செய்தது என்பது பள்ளிப் பாடம்.

அடுத்த படியில் மருந்தும் குண்டும் பின்பக்கமாகப் போக ஆரம்பித்தன. குண்டு இனி வாய்வழியாக இறங்க வேண்டியதில்லை. ஆகவே குழலின் வரிகளைவிடச் சிறியதாக இருக்கவும் வேண்டியதில்லை. குண்டுக்குப் பின்னால் தப்பி ஓடும் ஆவியைத் தடுக்கும் பொறுப்பை ஒரு பித்தளைக் கூடு ஏற்றது. சுடும்போது கூடு உப்பி, தான் இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டி அடைக்கிறது. அழுத்தம் நீங்கியதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. ஒட்டாமல் விட்டால் ஆவி முகத்தில் அடிக்கும். சுருங்காமல் விட்டால் கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மார்ட்டினி–ஹென்றித் துப்பாக்கிக்கு முதலில் வந்தது மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்த கூடு. 1880களின் சூடான் போரில் அது சூடான அறைக்குள் கிழிந்து மாட்டிக்கொண்டு பல உயிரை வாங்கியது. பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு நிலைத்தது: எழுபது பங்கு தாமிரம், முப்பது பங்கு துத்தநாகம்.

இந்தக் கூட்டின் மேல்முனைதான் கழுத்து. குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம். ஒருமுறை சுட்டபின் கழுத்து விரிந்துவிடும். புதுக் குண்டை வைத்தால் உள்ளே நழுவி விழும். ஆகவே சுட்ட கூட்டை மறுபடி நிரப்புகிற நாடுகளில் கழுத்தை ஓர் எஃகு அச்சுக்குள் தள்ளி இறுக்குகிறார்கள். பித்தளைக்கு மீளும் குணம் உண்டு. விரலை எடுத்தால் கொஞ்சம் திரும்பிப் போகும் பலூன் மாதிரி. அதனால் வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாகவே இறுக்கி, பிறகு உள்ளே ஓர் உருண்டைக் கம்பியை இழுத்து இறுதி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மி.மீ. குறைவாக இருந்தால் பிடி சரி என்பது பொதுவான கணக்கு. செஞ்சி மதிலில் ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வாக இருந்தது, இங்கே அதில் முப்பதில் ஒரு பங்கு இறுக்கமாகிவிட்டது.

கூடு முழுவதையும் இறுக்குவதா, கழுத்தை மட்டும் இறுக்குவதா என்பதில் துப்பாக்கிக்காரர்களிடையே ஓயாத சண்டை உண்டு. 0.303 லீ–என்ஃபீல்டு போன்றவை சேற்றிலும் மணலிலும் சுடவேண்டும் என்று அறையைத் தாராளமாகக் குடைந்து வைத்த துப்பாக்கிகள். அதில் சுட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்கே முழுதாக ஒடுக்கினால், அடுத்த முறை மறுபடி நீண்டு, சில தடவைகளில் அடிப்பக்கம் வளையமாக இற்றுப்போகும். கழுத்தை மட்டும் ஒடுக்கினால் கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்கேற்ற வடிவத்திலேயே இருந்து நீடித்து உழைக்கும். ஆனால் வேறொரு துப்பாக்கியில் ஏறாது. வேட்டைக்கும் போருக்கும் முழு ஒடுக்கல், ஒரே துப்பாக்கியில் குறிபார்க்கும் போட்டியாளனுக்குக் கழுத்து மட்டும் என்பதே நியாயமான தீர்ப்பு.

திரும்பத் திரும்ப விரிந்து இறுகிய பித்தளை கெட்டியாகும். கெட்டியான கழுத்தில் விரிசல் விழும். அதனால் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்கி எடுப்பார்கள். அடிப்பாகம் சூடானால் அது வலுவிழக்கும் என்பதால் சூடு கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது இந்திய மழைக்காலத்திலிருந்துதான். இங்கிருந்த ஆங்கிலேயப் படையின் தோட்டாக்கள், ஒருமுறைகூடச் சுடாமலே, குண்டைப் பிடித்த கழுத்துப் பக்கம் தானாக விரிசல் விட்டன. அதுவும் மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது. நெடுநாள் யாருக்கும் காரணம் புரியவில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும், இறுக்கிய பித்தளைக்குள் உறைந்திருக்கும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல் விழும் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று உலோகவியலாளர்கள் நிறுவினார்கள். இன்றும் பொறியியல் கல்லூரிகளில் இது பாடமாக நடத்தப்படுகிறது. கோட்டைக்குள் குதிரை லாயத்தின் வளைவுகளைப் பார்க்கும்போது மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். செஞ்சி லாயத்தில் பித்தளைத் தோட்டா இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வீட்டில் தாத்தா காலத்துப் பித்தளைப் பொருட்கள், காலிக் கூடுகள் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். மாட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு, உர மூட்டை இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். அம்மோனியா கலந்த துடைக்கும் திரவத்தால் பளபளப்பாக்காதீர்கள். உலர்ந்த துணியே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

கழுத்தை இறுக்குவது பற்றிப் படித்துவிட்டு யாரும் பட்டறையைத் திறந்துவிட வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. துப்பாக்கி உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் உரிமம் வேறு. 0.303 போன்ற படைத்துறை அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலையின் 0.315 துப்பாக்கி இங்கே உரிமதாரர்களிடம் பரவலாக இருக்கிறது. குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வம் உள்ளவர்கள் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள பயிற்சியாளரின் கீழ்க் கற்றுக்கொள்வதே வழி. கிளப்பில் தொடக்கத்தில் கையில் கிடைக்கும் 0.22 தோட்டாவை மறுபடி நிரப்பவும் முடியாது. அதன் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி குத்தி விளிம்பு நசுங்கியதோடு அதன் ஆயுள் முடிந்தது.

கோட்டையைச் சுற்றிய வயல்களில் உழும்போதோ, மழை அரித்த சரிவிலோ ஈயக் குண்டோ இரும்பு உருண்டையோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே ஸ்கேலை அருகில் வைத்துப் படம் எடுங்கள், கோட்டைக் காவலரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். குண்டு எந்த மதிலுக்கு எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஈயம். பித்தளைத் தோட்டா கிடைத்தால், அதிலும் குண்டு இன்னும் கழுத்தில் இருந்தால், தட்டிப் பார்ப்பதும் அடுப்படிக்குக் கொண்டுபோவதும் கூடவே கூடாது. காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்லுங்கள். காலிக் கூடு ஒன்றை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் விமானத்தைத் தவறவிடுவது உறுதி. ஸ்கேன் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும், அதன்பின் விளக்கம் சொல்ல வேண்டியது போலீசாரிடம்.